அவர் விட்டுப்போன 50 சதவீதம்

2024 மே மாதம் 22-ம் தேதி, என் 54-வது வயதில், எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தது. மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று முதலில் மகனுக்குத்தான் போன் செய்தேன். அவன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் வேலை பார்க்கிறான்.

"சூப்பர்ம்மா!" என்றவன், அடுத்த மூச்சிலேயே, "இன்சூரன்ஸ் பார்த்தியா? புது டிரைவர்னா தீட்டிடுவாங்க" என்றான்.

அவன் கவலைக்குக் காரணம் இருக்கிறது. அங்கே அவன் லைசென்ஸ் எடுத்து ஒரு பழைய கார் வாங்கியபோது, காரின் விலையில் பாதியை முதல் வருஷ இன்சூரன்ஸுக்கே கட்டினான். அந்த ஊரில் ஓட்டுபவரின் வயசு, அனுபவம், வீடு இருக்கும் ஏரியா எல்லாவற்றையும் பார்த்துத்தான் தொகை சொல்வார்கள். காருக்குள் ஒரு சின்னக் கருப்புப் பெட்டியைப் பொருத்தி, எப்படி பிரேக் போடுகிறோம், எவ்வளவு வேகம் போகிறோம் என்றுகூட கவனிப்பார்கள். ஒழுங்காக ஓட்டினால் அடுத்த வருஷம் குறையும்.

'அவனுக்கே அப்படியென்றால், 54 வயதில் கற்றுக்கொண்டவளுக்கு எவ்வளவு கேட்பார்களோ' என்று என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

எங்கள் கார், 2017 மாடல் ஸ்விஃப்ட். 'எங்கள்' என்று சொல்லிப் பழகிவிட்டது. ஓட்டியது அவர்தான்.

மயிலாப்பூரில் வீடு. அடையாறில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. 81 வயது, இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனவர். ஆட்டோவில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மெட்ரோ வேலைக்காக ஆர்.கே. மடம் சாலையையும் லஸ் பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருப்பிவிட்ட பிறகு, கால் டாக்ஸி பிடிப்பதும் பாதி நாள் நடக்காத காரியம். என் கணவர்தான் ஆபீஸில் அரை மணி பர்மிஷன் போட்டு, அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார்.

"எனக்கு ஒரு நாள் முடியலைன்னா அம்மாவை யார் கூட்டிட்டுப் போறது? நீ கத்துக்கோ" என்று அவர்தான் 2023 நவம்பர் கடைசியில் எனக்கு எல்.எல்.ஆர். போட வைத்தார். முன்னும் பின்னும் 'எல்' போர்டு ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஃபோர்ஷோர் எஸ்டேட் பக்கம் அழைத்துப் போவார். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்து, 'எல்' போர்டும் ஒட்டியிருந்தால், கற்றுக்கொள்பவர் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் செல்லும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்.

டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்ததே, அதற்கு முதல் நாள் மாலையே காரை எங்கள் அடுக்ககத்தின் பள்ளமான பார்க்கிங்கிலிருந்து எடுத்துப்போய், ஒரு நண்பர் வீட்டு மேட்டில் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்தார். "தண்ணியில நின்ன காரை மட்டும் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இன்ஜின் போயிடும். இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான்" என்றார். அது அவர் 2015 வெள்ளத்தில் நண்பர்கள் பட்டதைப் பார்த்துக் கற்றது.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அதன் பிறகு காருக்கு உறை போட்டது போட்டதுதான். என் தம்பிதான் பேப்பர் வேலைகளை எல்லாம் பார்த்தான். வண்டி உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவன்தான் கண்டுபிடித்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மகனின் சம்மதக் கடிதம், அத்தையின் கையெழுத்து. நடுங்கும் கையால் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "உன் பேர்லயே இருக்கட்டும்மா" என்றார் அத்தை. மார்ச் மாதக் கடைசியில் ஆர்.சி. என் பெயருக்கு வந்தது.

ஏப்ரல் 5-ம் தேதி இன்சூரன்ஸ் முடிந்தது. நான் புதுப்பிக்கவில்லை. ஓட்டவே ஆள் இல்லாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று நினைத்தேன். லைசென்ஸ் இல்லாதவர் பெயரில் பாலிசி தரமாட்டார்கள் என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டுமே தப்பு. கார் வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம். நிறுத்தி வைத்த காரும் திருடு போகலாம், தண்ணீரில் மூழ்கலாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

ஏப்ரலில் அத்தையை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வந்த டாக்ஸி, தெருமுனையிலேயே நின்றுகொண்டு "இங்க வரை நடந்து வாங்க" என்றது. அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்ததைப் பார்த்த அன்று மாலையே டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பப் போனேன். எல்.எல்.ஆர். காலாவதியாக ஒரு வாரம் இருக்கும்போது லைசென்ஸ் வாங்கிவிட்டேன்.

இனி இன்சூரன்ஸ் வேட்டை.

முதலில் தி.நகர் உஸ்மான் ரோடு பக்கம், தெரிந்தவர் சொன்ன ஏஜென்ட். ஆர்.சி.யைப் பார்த்தார், என் லைசென்ஸில் தேதியைப் பார்த்தார். "புது டிரைவர்ல மேடம், ரிஸ்க் ஜாஸ்தி. ஓனரும் மாறியிருக்கு, பழைய போனஸ் எல்லாம் போச்சு. 11,288 ஆகும்" என்றார். மகன் சொன்னது சரிதான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு மொபைலில் நானே தேடினேன். வண்டி எண்ணைப் போட்டால் வரிசையாகத் தொகைகள் வந்து விழுந்தன. 'கடந்த ஒரு வருடத்தில் உரிமையாளர் மாறியுள்ளாரா?' என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று தொட்டதும் எல்லாத் தொகையும் ஏறின. அதிலும் ஒன்று 8,057 ரூபாய் என்று பளிச்சென்று இருந்தது. ஏஜென்ட் சொன்னதைவிட 3,000 ரூபாய்க்கு மேல் குறைவு! பணம் கட்டப் போனவள், அவர் ஞாபகம் வந்து, ஒருமுறை முழுசாகப் படித்தேன்.

மற்ற இடங்களில் காரின் மதிப்பு 3,20,000 ரூபாய் என்று போட்டிருந்தது. இதில் 2,10,000. இதைத்தான் ஐ.டி.வி. என்கிறார்கள். கார் திருடு போனாலோ, தேறாத அளவுக்கு நொறுங்கிப் போனாலோ நமக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தொகை. 5 வருஷம் வரை இந்த மதிப்பு எப்படிக் குறையும் என்று ஒரு அட்டவணை உண்டு. அதற்கு மேல் நாமும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்வதுதான். அதைக் குறைத்துக் காட்டினால் பிரீமியமும் குறைந்து தெரியும். தவிர, அந்த 8,057-ல் எனக்கான விபத்துக் காப்பீடும் இல்லை, இன்ஜினுக்கான காப்பும் இல்லை.

தம்பி வேறொரு யோசனை சொன்னான். "பழைய வண்டிதானேக்கா, தேர்டு பார்ட்டி மட்டும் போடு. சட்டத்துக்கு அது போதும்."

அதுவும் உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது மூன்றாம் நபர் காப்பீட்டைத்தான். நம் காரால் மற்றவர் உயிருக்கோ உடம்புக்கோ சொத்துக்கோ சேதம் வந்தால் அதைக் கொடுக்கும். அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 4,000 ரூபாய் அபராதம். ஜெயில் தண்டனைக்கும் இடம் உண்டு. இந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் முதல் 1,000 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியில் கேட்டாலும் இதே தொகை. ஸ்விஃப்ட்டுக்கு 3,416, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,031 ரூபாய்.

ஆனால் அதில் நம் காருக்கு ஒரு பைசா வராது. மழை வந்தால் பார்க்கிங்கில் முட்டி அளவு தண்ணீர் நிற்கும் வீட்டில் இருந்துகொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இப்படியே குழம்பி ஜூன் பாதி போய்விட்டது. ஒருநாள் அத்தையை பிசியோதெரபியில் உட்கார வைத்துவிட்டு, அடையாறிலேயே இருக்கும் ஒரு பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்குள் நுழைந்தேன். என் வயசுக்காரப் பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். கூட்டமில்லாத நேரம்.

"புது டிரைவர். கூட வரும்னாங்க" என்று தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். "புது டிரைவருக்குன்னு தனி ரேட் எல்லாம் இல்லை மேடம். இங்க நாங்க காரைத்தான் பார்ப்போம்."

ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினார். மூன்றாம் நபர் கட்டணத்துக்கு இன்ஜினின் சி.சி. மட்டும்தான் கணக்கு. சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு காரின் மதிப்பு, அதன் வயசு, சி.சி., எந்த ஊரில் பதிவானது என்று பார்க்கிறார்கள். சென்னை மாதிரிப் பெரிய நகரங்களில் பதிவான வண்டிக்குச் சின்ன ஊர் வண்டியைவிடக் கொஞ்சம் அதிகம். என் வயசும் லைசென்ஸின் தேதியும் அந்தச் சீட்டில் எங்குமே வரவில்லை.

"நான் லைசென்ஸ் வாங்கியதால் என்னதான் மாறும்?" என்று கேட்டேன்.

"ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. லைசென்ஸ் இருந்தால்தான் அது செல்லும். இப்ப நீங்க அதை எடுக்கணும். ஏற்கெனவே 15 லட்சத்துக்கு வேற விபத்து பாலிசி வெச்சிருந்தா, இங்க மறுபடி கட்ட வேண்டாம்."

பிறகு பழைய பாலிசியைக் கேட்டார். அவருடைய நீல நிற ஃபைலை அப்படியே நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர், ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"உங்க ஹஸ்பெண்டுக்கு 50 சதவீதம் நோ கிளைம் போனஸ் இருந்திருக்கே."

"ஓனர் மாறினதால அது போயிடுச்சுன்னு..."

"வித்தா போயிடும். இது வேற."

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், தெரியாதவர்களுக்கு உதவும். கிளைம் எதுவும் செய்யாமல் ஒரு வருஷம் ஓட்டினால் அடுத்த வருஷம் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்படியே 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது வருஷம் 50 சதவீதம். அதற்கு மேல் இல்லை. ஒரு கிளைம் செய்தால் பொதுவாகப் பழையபடி பூஜ்யம். இந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, காரை வைத்திருந்தவருக்குச் சொந்தம். அதனால் பழைய கார் வாங்குகிறவருக்கு விற்றவரின் போனஸ் வராது. அவர் பூஜ்யத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால், உரிமையாளர் இறந்து, அந்தக் கார் அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வந்தால், அவர் சேர்த்த போனஸும் கூடவே வரும்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

ஏழு வருஷம். லஸ் கார்னர் நெரிசலிலும், பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் மாட வீதிகளைச் சுற்றிக்கொண்டும், திரு.வி.க. பாலத்தில் ஊர்ந்துகொண்டும், ஒரு தடவைகூட எங்கும் இடிக்காமல் அவர் ஓட்டிய ஓட்டு. "இவ்வளவு மெதுவா போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று நான் அவரைக் கேலி செய்த நாட்கள் எத்தனை!

அதிகாரி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா மேடம், பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுசு எடுக்கணும். ஒரு நாள் தாண்டினாலும் போனஸ் போயிடும். உங்களுக்கு ஜூலை 4 கடைசி."

இறந்தவரின் பாலிசியே மூன்று மாதம்தான், அல்லது அது முடியும் தேதி வரைதான், எது முந்துகிறதோ அதுவரை செல்லும் என்றும் சொன்னார். எங்கள் விஷயத்தில் பாலிசியின் தேதி முந்திவிட்டது. நான் புதுப்பிக்காமல் விட்ட நாட்கள் ஒவ்வொன்றும் அவர் சேர்த்ததில் இருந்து கழிந்துகொண்டு இருந்திருக்கின்றன.

காரை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, பதறிப்போய்க் கையை ஆட்டினார். "இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க. நாங்களே ஆள் அனுப்புறோம்." இடைவெளி விழுந்த பாலிசி என்பதால் காரை நேரில் பார்த்த பிறகுதான் சொந்தச் சேதக் காப்பீடு தருவார்கள். இரண்டு நாளில் ஒருவர் வந்து உறையைக் கழற்றி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய பாலிசி, புது ஆர்.சி. எல்லாவற்றின் நகலும் கொடுத்தேன்.

கணக்கு இப்படி வந்தது. சொந்தச் சேதம் 5,200. அவருடைய 50 சதவீதம் போக 2,600. மூன்றாம் நபர் 3,416. எனக்கான விபத்துக் காப்பீடு 350. இன்ஜின் பாதுகாப்பு 600. வரியுடன் மொத்தம் 8,220 ரூபாய். காரின் மதிப்பு 3,20,000. மொபைலில் பார்த்த அந்த 8,057 ரூபாயைவிட 163 ரூபாய்தான் அதிகம்.

இன்ஜின் பாதுகாப்பை நான்தான் கேட்டு வாங்கினேன். வெள்ளம் சாதாரண முழு பாலிசியிலேயே அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது பழுதானால், அதை வெள்ளச் சேதமாக ஒப்புக்கொள்ள மறுப்பார்கள். சென்னையில் பள்ளத்தில் வீடு இருப்பவர்கள் யோசிக்காமல் எடுக்க வேண்டியது இது. 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் தேய்மானம் கழிக்காத பாலிசியை நான் எடுக்கவில்லை. 5 வருஷம் தாண்டிய காருக்குப் பல கம்பெனிகள் அதைத் தருவதில்லை. கொஞ்ச தூரமே ஓட்டுகிறவர்கள், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் திட்டம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம். 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது.

ஜூன் 28 முதல் பாலிசி. ஜூலை 4-க்கு ஆறு நாள் மிச்சம். மகனுக்குப் போன் செய்து, "புது டிரைவர்னு ஒரு ரூபாய்கூட கூட வாங்கலைடா. அப்பா பாதி கட்டிட்டார்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மறுநாள் அத்தையை முன் சீட்டில் உட்கார வைத்து அடையாறுக்கு நானே ஓட்டிப் போனேன். 20 நிமிஷத்தில் போகிற தூரத்துக்கு 45 நிமிஷம் ஆனது. பின்னால் வந்த அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். அத்தை மட்டும், "அடிச்சா அடிக்கட்டும். அவனும் இப்படித்தான் போவான்" என்றார்.

ஆகஸ்டில் ஒரு கண்டம். எங்கள் பார்க்கிங் தூணில் முன் பம்பரை நானே இடித்து உடைத்தேன். மந்தைவெளி மெக்கானிக், "பம்பர் 2,200, பெயின்ட், கூலி 1,800. இன்சூரன்ஸ்ல போட்டுடலாமாக்கா?" என்றார். துண்டுச்சீட்டில் நானே கணக்குப் போட்டேன். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள். எந்தக் கிளைமிலும் முதல் 1,000 ரூபாய் நம்முடையது. எல்லாம் கழித்தால் கைக்கு 1,500 வந்தால் பெரிசு. அதற்காக போனஸை விட்டால், அடுத்த வருஷம் மட்டுமே வரியோடு 3,068 ரூபாய் கூடும். மறுபடி 50 சதவீதம் சேர இன்னும் ஐந்து வருஷம் ஓட்ட வேண்டும்.

"வேண்டாம், நானே கொடுத்துடறேன்" என்று 4,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வலிக்கத்தான் செய்தது.

சமையலறைக் கதவின் பின்னால் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் அட்டையில், அவர் ஒவ்வொரு வருஷமும் பென்சிலால் எழுதி வைப்பார்: 'கார் இன்சூரன்ஸ் - ஏப்ரல் 5'. புது வருஷக் காலண்டர் வந்ததும் நான் அதே இடத்தில் எழுதினேன்: 'கார் இன்சூரன்ஸ் - ஜூன் 27'. கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: '10 நாள் முன்னாடியே கட்டவும்.'